ஊழியமும் சிநேகமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கிறித்துவரும் குறைபாடுடைய இளையோரும்

தமிழ்க் கிறித்துவரின் வழக்கில் 'ஊழியம்' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. சிறுவர் ஊழியம், மருத்துவமனை ஊழியம், சிறைச்சாலை ஊழியம் எனப் பல தொடர்கள் அதனின்று கிளைத்துள்ளன. கத்தோலிக்கர் இதே பொருளில் 'பணி' என்பர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைகளில் அண்மைக்காலமாக 'மாற்றுத்திறனாளிகள் ஊழியம்' என்ற தொடரும் கேட்கிறது. பார்வையற்ற, செவித்திறன் குன்றிய, நடக்க இயலாத, அறிவு வளர்ச்சி தாமதமான இளையோருக்குச் சபை செய்யும் பணியை அது குறிக்கும். இத்தொடரில் வெளிப்படாத ஒரு சிக்கலை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஊழியம் என்றவுடன் செய்பவர் ஒருவரும் பெறுபவர் ஒருவரும் என இரு பக்கம் அமைந்துவிடுகின்றன. நட்பில் அவ்வாறு இரு பக்கம் வகுக்க இயலாது. பதினெட்டு வயது இளைஞர் ஒருவருக்கு மிகவும் வேண்டப்படுவதோ நட்புதான்.

இவ்விரு சொற்களும் எதிரெதிராக நிற்கும் இடம் ஒன்று விவிலியத்திலேயே உள்ளது. யோவான் நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரை இனி ஊழியக்காரர் என அழைக்காமல் சிநேகிதர் என அழைப்பதாகக் கூறுகிறார். சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'ஊழியக்காரர்', 'சிநேகிதர்' என்றும், 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலிய'த்தில் 'பணியாளர்', 'நண்பர்' என்றும் இச்சொற்கள் அமைந்துள்ளன. ஆயின், உணவுக்கு ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழைக்கச் சொல்லும் லூக்காவின் 14 ஆம் அதிகாரமோ, அவர்கள் திருப்பிச் செய்ய இயலாதவர்கள் என்பதையே காரணமாகக் காட்டுகிறது. நம் சபைகளின் தொண்டு மரபு யோவானைக் காட்டிலும் லூக்காவின் இப்பகுதியையே பெரிதும் பற்றி நின்றது எனக் கருதுகிறேன்.

அம்மரபு சிறியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், புளோரன்ஸ் சுவேன்சன் அம்மையார் செவித்திறன் அற்றோர்க்கும் பள்ளிகளை நிறுவினர். மலாயாவில் ஆங்கிலிகன் திருச்சபையினர் 1926 இல் மலாக்காவில் தொடங்கிய புனித நிக்கலஸ் இல்லம் பின்னர்ப் பினாங்கிற்கு மாற்றப்பட்டது. வேறெவரும் எண்ணிப் பாராத காலத்தில் எழுத்தும் தொழிலும் கற்பித்த நிறுவனங்கள் இவை. எனினும் இவை விடுதிகள். பிள்ளை வீட்டையும் ஊரையும் பிரிந்து செல்ல வேண்டியிருந்தது. கற்றுத் திரும்பியவருக்கு ஊரில் தோழர் எவரும் இருந்திலர்.

இதற்கு மாறான ஒரு நிலையைப் பிரிக்பீல்ட்ஸில் காண்கிறோம். 1951 இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அதன் கர்னி பயிற்சி நிலையமும் இவ்வட்டாரத்தில் அமைந்தன. கூடை முடைதல், தொலைபேசி இணைப்புப் பணி, உடற்பிடிப்பு முதலிய தொழில்களைக் கற்றவருள் பலர் பயிற்சி முடிந்த பின்னும் இங்கேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினர். தம்பிப்பிள்ளை சாலைப் பகுதியில் அவர்களின் உடற்பிடிப்பு நிலையங்கள் வரிசையாக எழுந்தன. 1924 ஆம் ஆண்டின் சீயோன் லுத்தரன் ஆலயமும், திருச்செபமாலை அன்னை ஆலயமும், பிற தமிழ்ச் சபைகளும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. வெள்ளைக்கோல் பிடித்தவர் இங்கே அண்டை வீட்டார், வாடகை கொடுப்பவர், விலை பேசுபவர், சினம் வந்தால் ஏசுபவர். சாலையைக் கடக்க எவரேனும் கைகொடுத்தால், முழங்கையைத் தாமே பற்றிக்கொண்டு, இப்படித்தான் அழைத்துச் செல்ல வேண்டும் எனக் கற்றுத் தருபவர். எந்தத் திட்டமும் இதனைத் தோற்றுவிக்கவில்லை. அருகருகே வாழ்ந்ததன் விளைவே இது. கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001 இல் திறக்கப்பட்ட பின் எழுந்த கட்டடங்களும் மாறிய பாதைகளும் இவ்வாழ்க்கையைக் கடினமாக்கின என்பதையும் ஈண்டுச் சொல்ல வேண்டும்.

சொற்களின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாடல் (28), பார்வையின்மை, பேச்சின்மை உள்ளிட்ட எட்டுக் குறைகளை 'எச்சம்' என வகுக்கிறது. பழைய விவிலியத் தமிழ் குருடர், முடவர், சப்பாணி, திமிர்வாதக்காரர் என்றது. திருவிவிலியம் பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர் என மாற்றியது. தமிழக அரசு 2010 வாக்கில் 'மாற்றுத்திறனாளி' என்பதை ஏற்றது. மலேசியத் தமிழ் நாளிதழ்கள் 'உடற்பேறு குறைந்தோர்' என்றும் எழுதுகின்றன. மலாயில் 'ஓராங் சாசாட்' என்பது 'ஓராங் குராங் உப்பாயா' ஆயிற்று. இம்மாற்றங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஞாயிறு வழிபாட்டில் 'சப்பாணி' என்று வாசிக்கும்போது முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகத்தை வாசிப்பவர் நோக்குவதில்லை. அப்பெண்ணை நண்பராகக் கொண்ட ஒருவர் வாசித்தால், அச்சொல்லில் அவர் குரல் ஒரு கணம் தயங்கும்.

மொழிச் சிக்கல் செவித்திறன் குன்றிய தமிழ் இளையோரிடத்து இன்னும் கூர்மையானது. அவர்கள் பள்ளியில் பெறுவன மலேசியச் சைகைமொழியும் மலாய் எழுத்தும் ஆகும். 2008 ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் அச்சைகைமொழியை ஏற்றுள்ளது. பாட்டியின் தமிழோ, ஆலயத்தின் தமிழோ அவர்களை எட்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸிலுள்ள கோலாலம்பூர் ஒய்.எம்.சி.ஏ. (தோற்றம் 1905) பல்லாண்டுகளாகச் செவித்திறன் குன்றியோரிடையே பணியாற்றிவருவதோடு, பொதுமக்களுக்குச் சைகைமொழியும் கற்பித்துவருகிறது. தமிழ்ச் சபையின் இளையோர் பத்துப்பேர் அவ்வகுப்பிற்குச் செல்வார்களாயின், கற்பவர் அவர்கள். கற்பிப்பவர் இதுகாறும் ஊழியத்தைப் பெற்றுவந்தவர். தமிழாசிரியர்களாகிய நாம் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழறிவே தமிழ் உறவுக்கு வாயில் என நாம் கற்பித்துவந்துள்ளோம்; அவ்வாயிலுக்கு வெளியே நிற்கும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தோமில்லை.

உடற்குறையுடையோர் தாமே முன்நின்று நடத்தும் கிறித்துவப் பணியும் இப்பள்ளத்தாக்கில் உண்டு. சக்கர நாற்காலியில் இயங்கும் சியா சியூ சின் அம்மையார் பெட்டாலிங் ஜெயாவில் 1990களில் தோற்றுவித்த 'பியூட்டிபுல் கேட்' அறநிறுவனம் அவ்வகையினது. அப்போஸ்தலர் பணி 3 ஆம் அதிகாரத்தின் 'அலங்கார வாசல்' என்பதே அப்பெயர். அவ்வாசலில் ஒருவர் நாள்தோறும் இரந்து கிடந்தார் என்பது கதை. அவ்விடத்தின் பெயரைத் தம் நிறுவனத்திற்கு உடற்குறையுடையோரே சூட்டியிருப்பது எண்ணத்தக்கது.

நட்பு என்னும் சொல்லையும் ஆராயாது ஏற்றல் தகாது. இத்துறையில் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவர் ஷான் வனியே. 1964 இல் பிரான்சில் அவர் தொடங்கிய 'லார்ஷ்' இல்லங்களில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோரும் பிறரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். 1970 இல் பெங்களூரிலும் பின்னர்ச் சென்னையிலும் 'ஆஷா நிகேதன்' என்னும் பெயரில் அவை அமைந்தன. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த நாள்களில் அவருடைய நூல்களைப் பயின்று அடிக்கோடிட்டவர்களுள் நானும் ஒருவன். அவர் 2019 இல் மறைந்தார். குறைபாடு அற்ற பெண்கள் பலரை ஆன்மிக வழிகாட்டல் என்னும் பெயரால் அவர் தகாத உறவுக்கு உட்படுத்தினார் என லார்ஷ் அமைப்பே 2020 இலும், விரிவாக 2023 இலும் அறிக்கை வெளியிட்டது. முதல் அறிக்கை அறுவரைக் குறிப்பிட்டது. இரண்டாவது இருபத்தைந்து பெண்களையேனும் குறிப்பிட்டது. இல்லங்களில் மலர்ந்த தோழமை இதனால் பொய்யாகிவிடவில்லை. எனினும் நெருக்கத்தைப் போதிப்பவர் மீது ஐயுறத் துணியாத சபை ஆபத்தானது என்பது புலனாகிறது. தன் இன்னலை எடுத்துரைக்க இயலாத இளையவருடன் தனியறையில் எவரும் இருத்தலாகாது, பெற்றோர் அறியாத சந்திப்பு கூடாது என்னும் விதிகளை நட்புக்குப் பகையாகச் சிலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை.

கிள்ளானில் ஒரு சபையில் நான் கண்டது ஒன்று உண்டு. டவுன் கூட்டறிகுறியுடைய இளைஞர் ஒருவர் சிறுவயது முதல் தாயுடன் முன்வரிசையில் அமர்ந்து வருகிறார். அத்தாய் என்னிடம் கூறியது: "இருபது வருஷமா எல்லாரும் இவனுக்காக ஜெபம் பண்றாங்க சார். ஒருத்தரும் வீட்டுக்கு வந்து இவன்கூட உக்காந்ததில்ல." பள்ளி முடிந்தபின் அவ்விளைஞருக்கு வாரத்தின் ஆறு நாள்களும் வெறுமையாயின. தமக்குப் பின் மகனுக்கு யார் என்ற அச்சம் அத்தாயின் பேச்சு முழுவதும் இழையோடியது. அதற்குச் சபையின் மாத நன்கொடை விடையாகாது.

பின்னர் இளையோர் மூவர் சனிக்கிழமை மாலைகளில் அவரை அழைத்துக்கொண்டு உணவுக்கடைக்குச் செல்லத் தொடங்கினர். இது சபையின் அட்டவணையில் இல்லை. முதல் சில வாரங்களில் தே தாரிக்கிற்கு அவர்களே பணம் செலுத்தினர். நான்காம் வாரம் அவர் தம் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர்களுள் ஒருவர் அதனைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது அவர் சினந்து எழுந்து நின்றுவிட்டாராம். அன்று நால்வருக்கும் அவரே பணம் செலுத்தினார். இப்போது முறைவைத்துச் செலுத்துகின்றனர். எவர் முறை என்பதை மற்ற மூவரும் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.