சேவுப் பொட்டலத்திலிருந்து தட்டப்பயற்றுக்கு

அளவுக்கு மேல் சாப்பிட்டுவிடுகிறோமே என்று வருந்துகிறவர்களுக்கு அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "வாயைக் கட்டுங்க." கேட்டவர் இரண்டு நாள் கட்டுவார். மூன்றாம் நாள் சேர்த்துச் சாப்பிடுவார். வாயைக் கட்டுவதை விட்டுவிட்டுத் தட்டில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். சாப்பிடும் அளவு ஓரளவுக்குத் தானாகவே குறையும்.

உண்மையாகவா?

2019இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் செய்த பாக்கெட் உணவும், இரண்டு வாரம் சமையலறையில் செய்த முழு உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய சீனி, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம், வேண்டாவிட்டால் வைத்துவிடலாம்.

பாக்கெட் உணவு கொடுத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி (உணவு உடம்புக்குத் தரும் ஆற்றலின் அளவு) கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை சராசரியாக 900 கிராம் கூடியது. முழு உணவுக்கு வந்தபோது ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. 500 கலோரி எவ்வளவு என்று கேட்டால், ஏறக்குறைய 100 கிராம் காராச்சேவு. 20 பேரிடம் சில வாரம் பார்த்த சோதனை இது. ஆனால் அதில் ஒரு விஷயம் நம் வீட்டுக்கும் பொருந்தும்: பாக்கெட் உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள்.

வேகத்துக்கும் அளவுக்கும் என்ன சம்பந்தம்?

போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். இருபது நிமிடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மென்மையாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதை ஐந்து நிமிடத்தில் உள்ளே தள்ளிவிடலாம். அவித்த மொச்சையை அப்படித் தள்ள முடியாது, மென்றுதான் ஆகவேண்டும்.

முழு உணவு என்றால் எது?

விளைந்ததிலிருந்து அதிகம் விலகாத உணவு. உமி நீக்கலாம், உடைக்கலாம், அவிக்கலாம், புளிக்கவைக்கலாம். தவிடும் நாரும் பெரும்பாலும் உள்ளேயே இருக்க வேண்டும். கம்பு, சோளம், தட்டப்பயறு, கானப்பயறு (கொள்ளு), கீரை, வெள்ளரி, முட்டை, மீன், மோர் எல்லாம் இதில் சேரும்.

சாத்தூர்ச் சேவு கடையில் கையால் பிழிவதுதானே, அது ஆலை உணவு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிவியல் வகைப்பாட்டில் அது ஆலை உணவுக்குள் வராது. ஆனால் கடலை மாவு, எண்ணெய், உப்பு, காரம் நான்கும் கூடினால் கை நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பெயர் எதுவானாலும், எடுத்த கை திரும்பத் திரும்பப் போகிறதா என்று பாருங்கள். நம் ஊருக்கு அதுவே போதுமான அளவுகோல்.

நாம் இருக்கிற இடமும் அப்படி. ஒரு பக்கம் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா, இன்னொரு பக்கம் சாத்தூர்ச் சேவு, அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, தெற்கே போனால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். இத்தனைக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு அளவாகச் சாப்பிடுவது சுலபமில்லை.

கம்பில் கலோரி குறைவா?

இல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி, கம்பில் சுமார் 348. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

வித்தியாசம் நார்ச்சத்தில் (செரிக்காமல் குடல்வழியே போகும் பகுதி, வயிற்றை நிறைத்துவைப்பது) இருக்கிறது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவு. சோளத்தில் 10 கிராமுக்கு மேல், கம்பில் 11 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார் வேண்டும் என்கிறார்கள். வெள்ளைச் சோறும் ரசமுமாக மூன்று வேளையை ஓட்டினால் அதில் பாதிகூடத் தேறாது. அதனால்தான் பதினொரு மணிக்கே பசிக்கிறது, நான்கு மணிக்குப் பொட்டலம் பிரிகிறது.

ஆக, கம்பு சாப்பிட்டால் இளைப்போம் என்று ஒருவேளைக்கு நான்கு உருண்டை சாப்பிட்டால் இளைக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் நான்கு உருண்டை சாப்பிட்டவர்கள் பொழுது சாய்கிறவரை பருத்திக் காட்டில் நின்றார்கள். தறியிலும் கடைக்கல்லாவிலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

அப்படி நல்ல உணவு என்றால் ஏன் விட்டோம்?

இரண்டு காரணம். கம்பை உரலில் இடித்து, புடைத்து, சோறாக்கிப் பரிமாறியது முழுக்கப் பெண்கள் பாடு. அந்த வேலை ஒழிந்ததில் அவர்களுக்கு வருத்தமே கிடையாது, இருக்க வேண்டியதும் இல்லை. அடுத்தது மதிப்பு. மானாவாரிக் கரிசலில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் பொங்கிய சோறு. 2006இல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் ஆனது, 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனில் விலையில்லாமலே கிடைத்தது. பண்டிகைச் சோறு அன்றாடச் சோறானது. பசியை ஓட்டியதில் அந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே வீட்டில் உள்ள அப்பத்தாவிடம் போய், "இனிமே கம்மங்கஞ்சிதான்" என்றால் முகம் சுளிப்பார். அவருக்கு அது ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல, இல்லாமையின் நினைவு. எல்லோரையும் ஒரே நாளில் மாற்றுவதாக வீட்டில் அறிவிக்காதீர்கள் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எந்த வேளையில் தொடங்குவது?

சாயங்காலத்தில். காலை இட்லியையும் மதியச் சோற்றையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நம்மில் பலருக்கு அளவு மீறுவது நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில்தான். டீயோடு வடை, வடையோடு சேவு, அப்புறம் தொலைக்காட்சி முன்னால் மிக்சர். அந்த ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். டீ இருக்கட்டும்.

மாற்று எது? காலையிலேயே இரண்டு கை தட்டப்பயறோ மொச்சையோ ஊறப்போட்டுவிடுங்கள். சாயங்காலம் அவித்து, கடுகு, வத்தல், கறிவேப்பிலை தாளித்தால் ஆயிற்று. தை, மாசியில் பனங்கிழங்கு வரும். கோடையில் வெள்ளரியும் நுங்கும். நிலக்கடலையை அவித்துத் தோலோடு வைத்தால், உரித்துச் சாப்பிடும் நேரத்திலேயே பாதிப் பசி அடங்கும். வறுத்து உரித்த கடலைக்கு இந்தக் குணம் இல்லை, அது சேவு மாதிரியே காணாமல் போகும்.

முக்கியமான இன்னொன்று: சேவு வீட்டில் இருந்துகொண்டே பயற்றைச் சாப்பிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் கடைக்குப் போய் 50 கிராம் வாங்கி, அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். அரைக்கிலோ வாங்கி டப்பாவில் அடைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

எத்தனை நாள்? அந்த வேளை பழகி, நினைவுபடுத்தாமலே நடக்கிறவரை. சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதம். அதற்குப் பிறகுதான் அடுத்த வேளை.

அடுத்தது எது?

இராத்திரி. மில்லில் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு வழியில் புரோட்டாக் கடைதான் திறந்திருக்கும், நானும் மறுக்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் சாப்பிட்டால் அதை இரண்டாக்குங்கள். போகிற அன்றைக்கும் ஒரு புரோட்டாவைக் குறைத்து ஒரு முட்டை கூட்டிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போதே ஒரு டப்பாவில் சுண்டல் கொண்டுபோனால், கடையில் உட்காரும்போது பசி அத்தனை வெறியாக இருக்காது.

மதியச் சோற்றைக் கடைசியில் தொட்டால் போதும். அதிலும் அரிசியை ஒழிக்க வேண்டாம். நான்கு கை சோற்றில் ஒரு கையைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ காயோ பருப்போ வையுங்கள். வெஞ்சனம் கூடினால் சோறு குறைந்தது தெரியாது. கானத் துவையல் இருந்தால் மோர்ச்சோறே விருந்து.

கம்பும் குதிரைவாலியும் எப்படிச் சமைப்பது?

குதிரைவாலி சுலபம், இந்த மண்ணில் மானாவாரியாகவே விளைவது. அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் கால்மணி நேரத்தில் வெந்துவிடும். அரிசியோடு சேர்த்து உலையில் போடாதீர்கள், குழைந்துபோகும். முதலில் வாரம் ஒரு நாள் போதும்.

கம்புக்கு உரல் தேவையில்லை. தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் வைத்து, மிக்சியில் விட்டுவிட்டு இரண்டு சுற்று சுற்றி, புடைத்தால் மேல்தோல் போய்விடும். மறுபடி சுற்றி நொய்யாக உடைத்து, ஒன்றுக்கு நான்கு தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். மிஞ்சியதை உருண்டை பிடித்து நீரில் போட்டால் காலையில் மோர் ஊற்றிக் கரைத்துக்கொள்ளலாம். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமோ பயறோ வையுங்கள். வெறும் கூழாகக் குடித்தால் வேகமாக இறங்கிச் சீக்கிரமே பசிக்கும்.

தானியம் எவ்வளவு நைசாக அரைபடுகிறதோ அவ்வளவு வேகமாகச் செரிக்கும். ஆகவே நொய்ச்சோறு முதலிடம், மாவுக்களி அடுத்தது, தோசை அதற்கும் பின்னால்.

சிறுதானிய பிஸ்கட், நூடுல்ஸ் வாங்கலாமா?

2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைகளில் இவை குவிகின்றன. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எது அதிகம் சேர்ந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் மைதா, அப்புறம் சீனி, பாமாயில், கடைசியில் கம்பு என்று இருந்தால் அது மைதா பிஸ்கட். தானியமாக வாங்கும்போதும் வெள்ளை வெளேரென்று பாலிஷ் போட்ட குதிரைவாலியைத் தவிர்த்து, மங்கலான நிறத்தில் இருப்பதைக் கேளுங்கள். நார் அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது.

வயிறு உப்புசம் வருமா?

வரும், ஒரே நாளில் கூட்டினால். பயற்றை நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அவியுங்கள். சீரகமோ பெருங்காயமோ சேருங்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடியுங்கள், நார் கூடித் தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 100க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டு என்கிறது, ஆகவே இது உங்கள் வீட்டுக்கும் பொருந்தலாம். சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவரிடம் உணவு மாற்றியிருப்பதைச் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறும் சிறுதானியமும் கூட்டுமுன் கேட்க வேண்டும். தைராய்டுக் குறை உள்ளவர்கள் தினமும் கம்பு என்று போகாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது.

இன்னொரு வகையினரும் உண்டு. யாரும் பார்க்காதபோது நிறுத்தவே முடியாமல் சாப்பிட்டு, பிறகு வெட்கத்தில் ஒடுங்குவது அடிக்கடி நடந்தால், அது தட்டை மாற்றித் தீர்கிற விஷயம் இல்லை. அது சிகிச்சையுள்ள மனநலச் சிக்கல். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

செலவு கூடுமா?

ரேஷன் அரிசிக்கு முன்னால் எந்தத் தானியமும் விலை கூடத்தான். அதனால்தான் அரிசியை வைத்துக்கொண்டே தொடங்கச் சொன்னேன். தினமும் சேவுக்கும் வடைக்கும் போகிற காசைக் கணக்கிட்டால் பயற்றுக்கு அது போதும், மிஞ்சவும் மிஞ்சும். ரேஷன் துவரம்பருப்பை விடாமல் வாங்குங்கள்.

ஐப்பசி மழைக்கு விதைத்தது தை வாக்கில் களத்துக்கு வரும். திருச்சுழிப் பக்கம் சொந்தக்காரர்களோ தெரிந்த சம்சாரிகளோ இருந்தால் அப்போது கம்பும் குதிரைவாலியும் நேரடியாக வாங்கி, நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டு மூட்டை கட்டுங்கள். தானியமாக இருந்தால் மாதக்கணக்கில் கிடக்கும். கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம், மாவாக்கினால் சீக்கிரமே கசந்துவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.