பாக்கெட் வெள்ளத்தில் திணறும் தொழிற்கூடக் கருவிகள்

2006 ஆகஸ்ட் 19 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரௌன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் மூன்றாம் உலையில், நீரைச் சுழலவைக்கும் இரண்டு பம்ப்களும் நின்றன. உலையின் திறன் அதிகமாக இருக்கும்போது நீரோட்டம் குறைவது ஆபத்து என்பதால் ஊழியர்கள் உலையைத் தாங்களே நிறுத்தினார்கள். பம்ப்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் செயலிழந்திருந்தன. அதே பிணையத்தில் இருந்த ஒரு பி.எல்.சி.யும் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்கூடக் கட்டுப்பாட்டுக் கணினி) பழுதாகியிருந்தது. பிணையத்தில் அளவுக்கு மீறி ஓடிய பாக்கெட்டுகளே, அதாவது தரவுத் துண்டுகளே, காரணமாகக் கருதப்பட்டன. ஆனால் பி.எல்.சி. பழுதாகி அந்த வெள்ளத்தைக் கிளப்பியதா, வேறெங்கிருந்தோ வந்த வெள்ளம் இரண்டையும் முடக்கியதா என்பதை உறுதியாக நிறுவ முடியவில்லை.

அலுவலகக் கணினி பொறுத்துக்கொள்ளும் நெரிசலைத் தொழிற்கூடக் கருவி பொறுப்பதில்லை. 100 மெகாபிட் கேபிளில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 வரை செல்லும். எல்லோருக்குமாக அனுப்பப்படும் பிராட்காஸ்ட் பாக்கெட்டை ஒவ்வொரு கருவியும் வாங்கிப் பார்த்தே தீர வேண்டும். தனக்கு வேண்டாதது என்று தெரிந்துகொள்ளவும் நேரம் செலவாகிறது. சிறிய செயலி கொண்ட கருவிக்கு மோட்டாரைக் கவனிக்க வேண்டிய நேரம் அதிலேயே கரைந்துவிடும். கேபிளில் இன்னும் இடம் மிச்சமிருக்கும்போதே கருவி திணறத் தொடங்கிவிடலாம். பழுது தேடுபவர் பலமுறை தவறவிடுவது இதைத்தான்.

இந்த வெள்ளத்துக்குப் பெரும்பாலும் எதிரி தேவையில்லை. ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரோ தெரியாமல், கருவிகளை இணைக்கும் ஒரே ஸ்விட்ச்சில் செருகி வளையமாக்கிவிட்டால் போதும். இணைய பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு. ரூட்டருக்கு ரூட்டர் அது குறைந்து, தீர்ந்ததும் பாக்கெட் கைவிடப்படும். ஈதர்நெட்டில் அப்படி ஏதும் இல்லாததால், வளையத்தில் சிக்கிய பிராட்காஸ்ட் சுற்றிக்கொண்டே பெருகும். பழுதான பிணைய அட்டையும் இப்படிக் கொட்டக்கூடும். இன்னொரு காரணம் மல்டிகாஸ்ட். சில கருவிகளுக்கென்று மட்டும் அனுப்பப்படும் இந்த பாக்கெட்டுகளை, யாருக்கு வேண்டும் என்று கண்காணிக்கும் வசதி இல்லாத ஸ்விட்ச் எல்லா போர்ட்டிலும் கொட்டிவிடும்.

வெளியிலிருந்து வருவதும் உண்டு. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற கணினிப் புழு, ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்துக்குள் நுழைந்தது. ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போன ஓர் ஒப்பந்ததாரரின் இணைப்புதான் வழியானது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரை ஏறத்தாழ 5 மணி நேரம் இருண்டுகிடந்தது. புழுவின் அளவு 376 பைட்தான். அது தன்னைப் பரப்பிக்கொள்ள அனுப்பிய பாக்கெட்டுகளே பிணையத்தை அடைத்தன. உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது நல்லூழ்.

பழுது தேடும் வேலை ஸ்விட்ச்சிலிருந்து தொடங்குவது நல்லது. எந்த போர்ட்டில் பிராட்காஸ்ட் எண்ணிக்கை தாறுமாறாக ஏறுகிறது என்று பார்த்து, அந்த கேபிளைப் பிடித்துக்கொண்டே அடுத்த ஸ்விட்ச்சுக்குப் போக வேண்டும். பிறகு ஒரு போர்ட்டின் போக்குவரத்தை வேறொரு போர்ட்டுக்குப் பிரதியெடுத்து, வயர்ஷார்க் போன்ற மென்பொருளில் பதிவுசெய்தால், அனுப்புவது யார் என்பது வன்பொருள் முகவரியிலேயே தெரிந்துவிடும். இதற்குப் பெரிய துணை, எல்லாம் ஒழுங்காக ஓடிய ஒரு நாளில் எடுத்துவைத்த பதிவு. அது கையில் இல்லாவிட்டால் எது வழக்கம், எது மிகை என்று பிரிப்பது கடினம்.

அலுவலகப் பிணையத்தில் செய்வதுபோல் எல்லா முகவரிகளுக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை பாக்கெட்) அனுப்பித் தேடுவதை இங்கே தவிர்க்க வேண்டும். அப்படி ஒருமுறை தேடியபோது, ஓய்வுநிலையில் இருந்த 9 அடி நீள இயந்திரக் கை திடீரென 180 பாகை சுழன்றதாக அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் பதிவுசெய்திருக்கிறது. அறையில் இருந்தவர் அந்தக் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றதால் காயமில்லை. இயங்கும் ஆலையில் எதையும் அனுப்பாமல், ஓடுவதைக் கவனிப்பது மட்டுமே பாதுகாப்பான வழி. கேபிளைக் கழற்றிப் பார்ப்பதென்றாலும் இயக்குபவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

மூலத்தைக் கண்டு நீக்கிய பிறகும் அடுத்த வெள்ளத்துக்கு அணை தேவை. நொடிக்கு இத்தனை பிராட்காஸ்ட்தான் என்று போர்ட்டுக்கு வரம்பு வைப்பது, வளையத்தை உணர்ந்து அடைக்கும் வசதியை இயக்குவது, பயன்படாத போர்ட்டுகளை மூடுவது, கருவிகளைத் தனித்தனிப் பிரிவுகளாக்குவது ஆகியவை அதில் அடங்கும். பிரௌன்ஸ் ஃபெரியில் தேர்ந்தெடுத்த தீர்வும் இந்த வகைதான்: பாதிக்கப்பட்ட வகைக் கருவிகளுக்கு முன்னால் ஃபயர்வால் வைத்து, அவற்றை வந்தடையும் பாக்கெட்டுகள் கட்டுப்படுத்தப்பட்டன. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2007 ஏப்ரலில் இச்சம்பவத்தை விவரித்து மற்ற நிலையங்களுக்கும் அறிவிப்பு அனுப்பியது.