சிறிய துளை, அதே அறுவை

வேலை நாள் கணக்கு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எடை தூக்கும் தொழிலாளிக்குப் பெருங்குடலில் அறுவை சிகிச்சை என்றால், எத்தனை நாள் சம்பளம் போகும் என்பதே அவருடைய முதல் கவலை. அது நியாயமான கவலை. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியின் மதிப்பையும் தழும்பின் அழகை வைத்து அல்லாமல் இந்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும். வயிற்றை நீளமாகக் கீறித் திறந்தால் தசைச் சுவர் பலவீனப்பட்டு, பின்னாளில் பாரம் தூக்கும்போது தழும்பின் வழியே குடலிறக்கம் வரலாம். லேப்ராஸ்கோப்பியில் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்துகிறார்கள். வெட்டிய குடலை வெளியே எடுக்க மட்டும் ஒரு சிறிய கீறல். வலி குறைவு, குடலும் சீக்கிரம் இயங்கத் தொடங்கும். ஆனால் உள்ளே குடலை இணைத்த இடம் ஆற எடுக்கும் காலம் குறைவதில்லை. வெளிக்காயம் ஆறிவிட்டதே என்று எண்ணி, மருத்துவர் சொல்லும் முன் மூட்டை தூக்கக் கூடாது.

புற்று முழுதாக நீங்குமா?

சிறு துளை வழியே அறுத்தால் பெருங்குடல் புற்று முழுதாக நீங்குமா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே இருந்தது. 1990-களின் தொடக்கத்தில், துளையிட்ட இடத்திலேயே புற்று முளைத்ததாக வந்த செய்திகள் பலரைத் தயங்க வைத்தன. பெருங்குடல் புற்றுநோயாளிகள் 872 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. மூன்றாண்டுகளில் நோய் திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் 16 சதவீதம், திறந்த முறையில் 18 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அறுவையின் நடுவே வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம், பாதுகாப்புக்கான முடிவு அது. மலக்குடல் விஷயத்தில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். இடுப்பெலும்புகளுக்கு நடுவே இடம் குறுகல். எட்டு நாடுகளில் நடந்த ஆய்வு 2015-இல் இரு முறைகளுக்கும் சமமான பலன் காட்டியது. அதே ஆண்டு வந்த வேறு இரண்டு ஆய்வுகளால் அந்தச் சமத்தை நிறுவ முடியவில்லை. ஆகவே, இதே அறுவையை அடிக்கடி செய்பவரா என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பணம், தூரம், தாமதம்

இதெல்லாம் வசதி படைத்தவர்களுக்குத்தானே என்பார்கள். இஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளிக்குச் சிகிச்சையோடு, தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியும் உண்டு. தகுதியுள்ள மற்றவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தூரத்தைப் பொறுத்தவரை, கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போகிறவர்கள், நம் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பணத்தைவிடப் பெரிய தடை கூச்சம். மலத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று தாங்களே முடிவுகட்டி, சுவரொட்டியில் கண்ட மருந்தோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ரத்தப்போக்கு தொடர்ந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கட்டி வளர்ந்து குடல் அடைத்த பிறகு அவசரமாக அறுவை மேசைக்கு வருகிறவர்களில் பலருக்கு வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.