வசைச் சொல்லுக்கு மரியாதை!

கோவளத்து இளைஞர்களின் கைபேசியில் 'ராப்' பாட்டு! தாளத்துக்குப் படபடவென்று பேசுவதுபோலப் பாடுவது. "என்ன பேச்சு இது!" என்று பாட்டிமார் காதைப் பொத்துகிறார்கள்.

கவலை வேண்டாம். 2022 நவம்பரில் வந்த 'சாட்ஜிபிடி' போன்ற உரையாடும் கணினியிடம், "மரியாதையாக மாற்று" என்றால் போதும். 'வாடா' நொடியில் 'வாருங்கள் ஐயா' ஆகிவிடும்!

ஆனால், 'புறம்போக்கு' என்று வந்தால்? 'பண்பற்றவர்' என்று மாற்றிவிடக்கூடும். அதுதான் சங்கடம். முதலில் அது வசையே அல்ல. வருவாய்த் துறைக் கணக்கில், வரி இல்லாத பொது நிலம். ஏரி, மேய்ச்சல் தரை, கடற்கரை மணல் எல்லாம் புறம்போக்கு!

இதைச் சொல்லவே 2017-ல் டி.எம். கிருஷ்ணா, 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடினார். ராப் அல்ல, கர்நாடக இசை. எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க எழுந்த பாட்டு. அதில் அந்தச் சொல்லுக்கு மரியாதை பூசினால் பாட்டே போச்சு!

கோவளத்துப் பாட்டியைக் கேட்டால் சட்டென்று சொல்வார்: "புறம்போக்கா? நம்ம வலை காயிற எடமாச்சே, தம்பி!"