விண்படத்தில் நம் வயலைத் தேடும் முறை

பயிரின் நிலையைச் செயற்கைக் கோள் படங்களால் அறியலாம் என்பதை அங்கத்தினர் பலரும் கேள்வியுற்றிருப்பார்கள். பயிர்ச் சேதக் கணக்கிலும் அப்படங்கள் இன்று சாட்சி சொல்ல வருகின்றன. ஆதலின், நமது ஊர் எந்தப் படத்தில் விழுகிறது என்பதைத் தெரிந்தெடுக்கும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2015-ல் ஏவத் தொடங்கிய சென்டினல்-2 கோள்களின் படங்கள் யாவருக்கும் இலவசம். 290 கிலோமீட்டர் அகலத்தில் எடுக்கும் படத்தை, நெய்து இறக்கிய துணியை அறுப்பது போல, நிலையான சதுரக் கட்டங்களாக வகுத்து வைக்கிறார்கள். கட்டத்தின் பக்கம் 109.8 கிலோமீட்டர். அடுத்தடுத்த கட்டங்கள் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும்.

கரூர் ஜில்லாவைப் பாருங்கள். 78 பாகைத் தீர்க்கரேகை அதனூடே செல்கிறது. அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம்; கிழக்கே 44-ஆம் மண்டலம். கரூர் நகரமும் குளித்தலையும் கிழக்கில் உள்ளன; அரவக்குறிச்சி மேற்கில் உள்ளது. நகரத்தின் புள்ளியை மட்டும் கொடுத்து, கிடைத்த ஒரு கட்டத்தோடு நின்றுவிட்டால், எல்லையோர ஊர்கள் விடுபடக்கூடும். படமில்லாத இடத்திற்குச் சுழி என்ற எண்ணே பதிவாகியிருக்கும். அதனைப் பயிரில்லாத நிலம் என்று எழுதிவிட்டால், முருங்கை பயிரிட்டவர் எங்கே போய் முறையிடுவார்?

பைதான் மொழியில் சில வரிகளே இதற்குப் போதும். ஜில்லா எல்லையையும் கட்டங்களின் எல்லைகளையும் கொடுத்து, 'இக்கட்டத்துள் ஜில்லா அடங்குமா?' என்று கேட்பது தவறு. ஒரே கட்டத்தில் அடங்காத ஜில்லாவுக்கு விடை வெறுமையே. 'இக்கட்டம் ஜில்லாவைத் தொடுகிறதா?' என்றே கேட்க வேண்டும். வந்த கட்டங்களை ஒன்று சேர்த்து, எல்லை முழுவதும் மூடப்பட்டதா என்று பரப்பைக் கணக்கிட்ட பின்னரே மிகையானவற்றை நீக்கலாம்.

இன்னொன்று: நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள், நிரலோ தீர்க்கரேகையை முதலில் கேட்கும். கரூருக்குரிய 10.96, 78.08 என்ற எண்களை நான் முதன்முறை அவ்வாறே கொடுத்தேன். அது என்னை ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் கொண்டுபோய் நிறுத்திற்று! பிழை என்று அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மேகத்தின் கணக்கும் ஏமாற்றும். பத்து சதவீத மேகம் என்ற குறிப்பு கட்டம் முழுமைக்கும் உரியது. கட்டத்தின் பரப்போ சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு பிர்க்காவையே மறைத்துவிடும். எனவே நமது ஊர் எல்லைக்குள் மட்டும் மேகத்தை எண்ணும்படி நிரலை எழுதச் சொல்ல வேண்டும்.