ரைசன் 5 7600-ஆ, ஐ5-13400-ஆ? உங்க வேலைக்கு எது சரி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

எனக்கு வர்ற கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் இருக்கு: "ப்ரோ, புது பிசி போடப் போறேன், ஏஎம்டி போடட்டுமா, இன்டெல் போடட்டுமா?" கேள்வி சின்னதுதான். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற காசு சின்னது இல்லை. பல பேருக்கு அது ஒரு வருஷமா சேர்த்த சம்பளம், இல்லைன்னா பன்னிரண்டு மாச இஎம்ஐ. ஒரு தடவை போட்டா குறைஞ்சது அஞ்சு வருஷம் அதோடதான் குடித்தனம். அதனால "ரெண்டுமே நல்லாதான் இருக்கு" அப்படின்னு சொல்லித் தப்பிக்காம, இன்னைக்கு ரெண்டு ப்ராசஸரை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

நான் எடுத்திருக்கறது ஏஎம்டி ரைசன் 5 7600, இன்டெல் கோர் ஐ5-13400. ரெண்டும் 2023 ஜனவரியில வெளிவந்தது. அறிமுக விலை ரைசனுக்கு 229 டாலர், ஐ5-க்கு 221 டாலர். அதாவது ஒரே வாடிக்கையாளரைக் குறி வச்சு வந்த பொருள். "அதுக்கப்புறம் புதுசு வந்துடுச்சே"ன்னு கேப்பீங்க. வந்துடுச்சு. ஆனா 2024-ல வந்த ஐ5-14400, இதே 13400-ஐ 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி வித்ததுதான். இன்னைக்கும் பட்ஜெட் பிசி கொட்டேஷன்ல இந்தப் பேருங்கதான் வருது. அதனால இந்தக் கணக்கு உங்களுக்கு உதவும்.

உள்ள என்ன இருக்கு?

ரைசன் 7600-ல ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆறும் ஒரே வலிமை. உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். ஐ5-13400-ல மொத்தம் பத்து கோர், பதினாறு த்ரெட். ஆனா அந்தப் பத்தும் ஒரே ஜாதி இல்லை. ஆறு பெரிய கோர், நாலு சின்ன கோர். உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ்.

ஒரு கல்யாண சமையல் கூடத்தை நினைச்சுக்கோங்க. ரைசன் சமையல்கட்டுல ஆறு மாஸ்டர். எல்லாருமே வேகமான கை. இன்டெல் சமையல்கட்டுலயும் ஆறு மாஸ்டர், கொஞ்சம் நிதானமான கை. ஆனா காய் நறுக்க, தேங்காய் துருவ நாலு உதவியாள் கூட இருக்காங்க. ஆயிரம் பேருக்குச் சாப்பாடுன்னா அந்த நாலு பேர் ரொம்ப உதவி. ஆனா ஒரே ஒரு தோசையைச் சீக்கிரம் ஊத்தணும்னா, அங்க உதவியாள் எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. மாஸ்டரோட கை வேகம்தான் கணக்கு.

இன்னொரு விஷயம், கேஷ். ப்ராசஸருக்குள்ளயே இருக்கற சின்ன மெமரி. சமையல்காரர் பக்கத்துல இருக்கற அஞ்சறைப் பெட்டி மாதிரி. தேவையான மசாலா அதுலயே இருந்தா வேலை நிக்காது. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு, அதாவது ரேமுக்கு, நடக்கணும். ரைசன்ல எல்3 கேஷ் 32 எம்பி, ஐ5-ல 20 எம்பி. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, கேமிங் பகுதியில திரும்ப வரும்.

ஆபீஸ் வேலை, படிப்பு, ப்ரௌசிங்

இதை ஒரே நிமிஷத்துல முடிச்சுடலாம். எக்செல், டேலி, ஜூம் கிளாஸ், இருபது க்ரோம் டேப், யூடியூப்னு ஓடற வீட்டுக்கு இந்த ரெண்டுல எதைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. உண்மையைச் சொன்னா ரெண்டுமே தேவைக்கு அதிகம். இந்த மாதிரி வேலைக்கு ஒரு படி கீழ இறங்கி ஐ3 வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், கண்ணுக்கு இதமான மானிட்டர்ல போடுங்க. அப்பா கடைக்கணக்கு பாக்கற பிசிக்குப் போய் ரைசன் 7600 போடறது, தெருமுனைக் கடைக்குப் போக புல்லட் எடுக்கற மாதிரி.

கேமிங்

ஒரு ஃப்ரேம் திரையில வர்றதுக்கு ரெண்டு வேலை நடக்கணும். எதிரி எங்க நிக்கிறான், குண்டு எங்க போகுதுன்னு கணக்குப் போடறது ப்ராசஸர். அதைப் படமா வரையறது கிராபிக்ஸ் கார்டு. ரெண்டுல யார் மெதுவோ, அவங்க வேகம்தான் உங்க எஃப்பிஎஸ்.

60 எஃப்பிஎஸ்-ல ஓடுதுன்னா ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 16.7 மில்லிசெகண்ட் நேரம் இருக்கு. ரெண்டு ப்ராசஸருக்கும் அது தாராளம். 144-ன்னா 6.9 மில்லிசெகண்ட். 240-ன்னா 4.2 மில்லிசெகண்ட்தான். நேரம் சுருங்கச் சுருங்க, ஸ்டோர் ரூமுக்கு நடக்கற ஒவ்வொரு நடையும் வலிக்கும். அங்கதான் பெரிய அஞ்சறைப் பெட்டியும் வேகமான கையும் ஜெயிக்கும். வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்களை 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஆடறவங்களுக்கு ரைசன் 7600 தெளிவா முன்னாடி நிக்கும்.

ஆனா ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி ஒரு கார்டு, 1080பி மானிட்டர், கிராபிக்ஸை ஏத்தி வச்சு சைபர்பங்க் மாதிரி கதை கேம் ஆடறவங்களா நீங்க? அப்போ பெரும்பாலான நேரம் கார்டுதான் மூச்சு வாங்கும், ப்ராசஸர் காத்துக்கிட்டு இருக்கும். வித்தியாசத்தைக் கண்ணால பாக்கறது கஷ்டம். அந்த இடத்துல ப்ராசஸர்ல ரெண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சுக் கார்டுல போடறது புத்திசாலித்தனம்.

"கார்டு இப்போ இல்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்கிக்கறேன்"னு நிறைய பேர் சொல்றீங்க. ரெண்டு ப்ராசஸர்லயும் கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு, டிஸ்ப்ளே வரும். ஆனா அது படம் காட்டத்தான், பெரிய கேம் ஆட இல்லை. கார்டே வாங்காம ஆடணும்னா ஏஎம்டியோட ரைசன் 5 8600ஜி மாதிரி, கிராபிக்ஸுக்காகவே செஞ்ச சிப்பைப் பாருங்க.

வீடியோ எடிட்டிங்

கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒரு நேயர் கேட்டிருந்தாரு: "கிளையன்ட் பக்கத்துல உக்காந்திருக்கும்போது டைம்லைன் சிக்குது, மானம் போகுது. எந்த ப்ராசஸர் எடுக்கட்டும்?" இந்தக் கேள்விக்குத்தான் இன்னைக்கு ரொம்பத் தெளிவான பதில் இருக்கு.

கேமரா ஃபைல் எல்லாம் அமுக்கி வச்ச ஃபைல். டைம்லைன்ல ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரிச்சுத்தான் காட்டணும். அதுக்குன்னு இன்டெல் சிப்ல க்விக் சிங்க்னு ஒரு தனிப் பகுதி இருக்கு. ஏஎம்டி சிப்லயும் அப்படி ஒண்ணு உண்டு. ஆனா கேனான், சோனியோட பல மிரர்லெஸ் கேமராக்கள் எடுக்கற எச்.265, 10 பிட், 4:2:2 வகை ஃபைலை ரைசன் 7600-ல இருக்கற பகுதியால பிரிக்க முடியாது, க்விக் சிங்க்கால முடியும். என்விடியா கார்டுலயும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்னாடி வந்ததுல இந்த வசதி இல்லை. அப்போ ரைசன்ல அந்தச் சுமை முழுக்க கோர் மேல விழும். சிக்கறதுக்கு அதுதான் காரணம்.

அதனால கேமரா 4:2:2-ல எடுக்குது, ப்ரீமியர் ப்ரோல எடிட் பண்றீங்கன்னா, யோசிக்காம ஐ5-13400. போன்ல எடுத்த வீடியோவை ரீல்ஸா வெட்டறவங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ரெண்டும் ஓகே. ஏற்கனவே ரைசன் வாங்கிட்டீங்களா? ப்ராக்சி போட்டு எடிட் பண்ணுங்க. அதாவது சின்ன சைஸ் நகலை வச்சு வெட்டி, கடைசியா ஒரிஜினல்ல எக்ஸ்போர்ட் பண்றது. முதல்ல கொஞ்ச நேரம் போகும், ஆனா டைம்லைன் வழுக்கிட்டு ஓடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒண்ணு. ஐ5-13400எஃப்-ன்னு இன்னொரு மாடல் இருக்கு. அறிமுக விலையே 25 டாலர் கம்மி. அந்த எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, க்விக் சிங்க்கும் கிடையாது. கடையில "ரெண்டும் ஒண்ணுதான் சார், விலை கம்மி"ன்னு சொன்னா, கேமருக்கு அது சரி. எடிட்டருக்கு அது வாங்க வந்த பொருளையே விட்டுட்டுப் போற மாதிரி. கார்டு ஒருநாள் கெட்டுப்போனா எஃப் மாடல்ல டிஸ்ப்ளேயும் வராது.

கோடிங்

பெரிய ப்ராஜெக்ட் பில்ட், பின்னணியில டாக்கர், ஒரு ஆண்ட்ராய்ட் எமுலேட்டர். இது ஆயிரம் பேர் பந்தி மாதிரி. கூட நாலு கை இருக்கறதால முழு பில்ட்ல ஐ5 கொஞ்சம் முந்தும். ஆனா ஒரு வரி மாத்தி திரும்ப ரன் பண்ற சின்னச் சின்ன வேலைகள்ல ரைசனோட ஒற்றைக் கோர் வேகம் ஈடு கட்டிடும். இங்க ஜெயிக்க வைக்கறது ப்ராசஸரை விட ரேம்தான். 16 ஜிபில எமுலேட்டர், டாக்கர், க்ரோம் மூணும் சண்டை போடும். ரெண்டு ப்ராசஸருக்கும் இடையில மண்டையை உடைச்சுக்காம 32 ஜிபிக்குப் போங்க. ஐ5 வாங்கினா விண்டோஸ் 11 போடுங்க. எந்த வேலையைப் பெரிய கோருக்குக் கொடுக்கணும், எதைச் சின்ன கோருக்குத் தள்ளணும்னு அதுக்குத்தான் நல்லாத் தெரியும்.

கரண்ட் பில், சூடு

பெட்டியில ரெண்டு மேலயும் 65 வாட்னுதான் போட்டிருக்கும். ஆனா முழு லோடுல ரைசன் 7600-க்கு வரம்பு 88 வாட். ஐ5 தேவைப்பட்டா 148 வாட் வரைக்கும் போக அனுமதி இருக்கு. அந்த உச்சத்துலயே நிக்காதுன்னாலும், மலிவான மதர்போர்டுல, ஏசி இல்லாத ரூம்ல, சித்திரை மாசத்துல ரெண்டு மணி நேரம் ரெண்டர் போட்டா வித்தியாசம் தெரியும்.

சும்மா இருக்கும்போது கதை தலைகீழ். ரைசனுக்குள்ள கோர் ஒரு துண்டுல, மத்த வேலைகள் இன்னொரு துண்டுல. ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கறதால லேசான வேலையில ஐ5-ஐ விடக் கொஞ்சம் கூட இழுக்கும். 15 வாட் கூடன்னே வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், முப்பது நாள்னா 3.6 யூனிட். பில்லைப் பாத்துப் பயப்பட வேண்டியது இல்லை.

நாளைக்கு என்ன ஆகும்?

ஐ5-13400 உக்காரற எல்ஜிஏ 1700 சாக்கெட்டோட கதை முடிஞ்சுபோச்சு. 2024 அக்டோபர்ல வந்த கோர் அல்ட்ராவுக்கு இன்டெல் புது சாக்கெட் போட்டுடுச்சு. ரைசன் உக்காரறது ஏஎம்5. அதை 2027 வரைக்கும் ஆதரிப்போம்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. 9800எக்ஸ்3டி மாதிரி கேமிங் ராஜாவைக் கூட பயாஸ் அப்டேட் பண்ணிட்டு இதே போர்டுல மாட்டலாம். இதுக்கு முன்னாடி ஏஎம்4-ல, 2017 போர்டுகள் பலதுல 2022-ல வந்த 5800எக்ஸ்3டி ஓடுச்சு. அதனால இது வெறும் பேச்சு இல்லை.

ஐ5 பக்கமும் ஒரு பலமான சீட்டு இருக்கு: அது டிடிஆர்4 ரேம்லயும் ஓடும். ரைசனுக்கு டிடிஆர்5 மட்டும்தான். ஏஐ சர்வர்களுக்கு மெமரி போறதால 2025 கடைசியில இருந்து ரேம் விலை எகிறியிருக்கற நேரத்துல, வீட்ல பழைய பிசில 16 ஜிபி டிடிஆர்4 சும்மா கிடந்தா அது சின்னப் புதையல். டிடிஆர்4 போர்டா பாத்து வாங்கினா அப்படியே மாட்டிக்கலாம்.

"13-வது தலைமுறை இன்டெல் கெட்டுப்போகுதாமே?"ன்னும் கேக்கறீங்க. வோல்டேஜ் பிரச்சினை உண்மைதான். 2024-ல மைக்ரோகோட் அப்டேட் விட்டாங்க. ஆனா கே இல்லாத ஐ5 மாடல்கள் அதுல பாதிக்கப்படலைன்னு இன்டெலே சொல்லிடுச்சு. 13400 வாங்கப் பயப்பட வேண்டாம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, பாக்ஸ் பேக்கா, ட்ரே பேக்கா? ட்ரேல கூலர் வராது, வாரன்டி யார் தருவாங்கன்னும் தெளிவாக் கேட்டுக்கணும். ரெண்டு, பில்லுல மாடல் பேர் முழுசா, எஃப் இருக்கா இல்லையான்னு எழுதியிருக்கா? மூணு, ப்ராசஸர் விலையை மட்டும் ஒப்பிடாதீங்க. ப்ராசஸர், போர்டு, ரேம் மூணும் சேர்ந்த விலைதான் உண்மையான விலை.

அப்போ எது?

வேகமான ஷூட்டிங் கேம் ஆடறீங்க, மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸர் மட்டும் மாத்தற எண்ணம் இருக்குன்னா ரைசன் 5 7600. கேமரா ஃபைலை எடிட் பண்ணி சம்பாதிக்கறீங்க, இல்லை கையில பழைய டிடிஆர்4 இருக்குன்னா எஃப் இல்லாத ஐ5-13400. கோடிங்னா எது மொத்த விலையில கம்மியோ அது, ஆனா 32 ஜிபி ரேமோட. படிப்பு, ஆபீஸ்னா ரெண்டும் வேண்டாம், ஒரு படி இறங்குங்க.

உங்க கொட்டேஷன்ல எந்த வரி புரியலையோ அதை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல எல்லாரும் கடைசியா யோசிக்கற, ஆனா முதல்ல யோசிக்க வேண்டிய பவர் சப்ளை பத்திப் பேசலாம். அதுவரைக்கும் அவசரப்பட்டு எதையும் ஆர்டர் போட்டுடாதீங்க.