ஓடை மறையும் இடம்

திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் எழுந்து நிற்க, அவற்றின் விளிம்பையொட்டிக் கிடக்கும், மலையென்றோ சமவெளியென்றோ முழுதும் சொல்லிவிட இயலாத சரிவுப் பட்டையே அடிவாரம் ஆகும். இமயத்தின் அடிவாரமான சிவாலிக் குன்றுகள், ஆறுகள் கொட்டிய படிவுகள் பின்னர் மடிந்து உயர்ந்ததால் பிறந்தவை. பழனி மலையடிவாரமோ, 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த சார்னோக்கைட், நைஸ் ஆகிய கடினப் பாறைகள் தேய்ந்து தாழ்ந்த நிலம். தேயாமல் எஞ்சிய சிறு பாறைமேடுகளை இவ்வட்டாரத்தார் கரடு என்பர். கோட்டையைத் தாங்கி நிற்கும் திண்டுக்கல் மொட்டைப்பாறையும் அவ்வாறு எஞ்சியதே.

அடிவாரத்தின் பெரும் வியப்பு அதன் ஓடைகளில் உள்ளது. மலைச்சரிவில் விரைந்திறங்கும் நீர், சரிவு தணியுமிடத்தில் வேகம் இழப்பதால், உருட்டிவந்த குண்டுக்கற்களை முதலிலும், சரளையை அடுத்தும், மணலையும் வண்டலையும் கடைசியிலும் இறக்கிவைக்கிறது. களத்தில் நெல்லைத் தூற்றும்போது மணி அருகிலும் பதர் தொலைவிலும் விழுவதை ஒத்தது இது. இவ்வாறு பரவிய படிவை வண்டல் விசிறி என்றும், பல விசிறிகள் இணைந்த பட்டையைப் பஜாடா என்றும் புவியியலார் வழங்குகின்றனர். ஐப்பசி மழையில் நுரைத்து வரும் ஓடை, இச்சரளையில் இறங்கியதும் மெலிந்து, சிலவிடங்களில் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகிறது. அந்நீர் மண்ணுக்கடியில் மெல்ல நகர்ந்து, தாழ்விலுள்ள கிணறுகளில் ஊறுகிறது. கீழ்ப்பழனி மலையில் தோன்றும் குடகனாறு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் தேங்கித் திண்டுக்கல் நகருக்குக் குடிநீராவதை எல்லோரும் அறிவர். சரளைக்குள் தேங்கும் கண்காணா நீர்த்தேக்கத்துக்குத்தான் கரையுமில்லை, காவலுமில்லை.

கல்லாங்காடு என்று கருதப்படுவதாலேயே இந்நிலம் எளிதில் சிதைக்கப்படுகிறது. சாலைக்கும் கட்டடத்துக்கும் கிராவல் அள்ளுவதும், ஓடைகளை மறித்து மனைகளாக்குவதும் நீரை உறிஞ்சும் வாயையே அடைப்பதற்கு ஒப்பாகும். சரளையை இழந்தபின் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்னும் எண்ணமும் பிழையானது. ஏனெனில் அடியிலுள்ள கடினப் பாறை தன் வெடிப்புகளில் மட்டுமே நீரைக் கொள்கிறது; அவ்வெடிப்புகளுக்கு நீர் இறங்கிவந்த வழியும் அள்ளப்பட்ட அச்சரளையே.